ராஃப்டிங்: எந்த கிரேடு என்பதைவிட, விழுந்தால் என்ன என்று கேளுங்கள்

கேள்வி: வரும் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைப்பகுதிக்குப் போகிறோம். அங்கே ஆற்றில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வேகமான ஓட்டத்தில் போவது) போக வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. நான், என் கணவர், 17 வயது மகள், 12 வயது மகன், 66 வயது மாமனார் என ஐந்து பேர். யாரும் இதற்கு முன் போனதில்லை. எனக்கும் கணவருக்கும் நீச்சல் தெரியாது. பிள்ளைகள் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவார்கள். மாமனாருக்குப் போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலம், அவரும் வருவேன் என்கிறார். இரண்டு நிறுவனங்களிடம் போனில் பேசினேன். ஒருவர், "நாலாம் கிரேடு வரை உண்டு, 24 கிலோமீட்டர், நீச்சலே தெரிய வேண்டாம், நூறு சதவீதம் சேஃப், வீடியோ இலவசம்" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். இன்னொருவரிடம் மூன்றாம் கிரேடு, 12 கிலோமீட்டர்தான், கட்டணமும் கூடுதல். அதுபோக ஒவ்வொருவரின் வயது, எடை, சாப்பிடும் மருந்து என்று விசாரணை வேறு. பையனைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதை அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வாராம். மகளோ நாலாம் கிரேடுதான் வேண்டும் என்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகி

பதில்: உங்களுக்கு எரிச்சல் மூட்டினாரே இரண்டாவது ஆள், அவரிடம் போங்கள்.

இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் பதிவு செய்யும்போது அவரிடம் இடம் இல்லாமல் போகலாம். மூன்றாவதாக ஒருவரைத் தேட வேண்டிவரலாம். அப்போது எதை வைத்து முடிவு செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். கைடாக ஆற்றில் வேலை பார்த்து, இப்போது கைடுகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: படகிலிருந்து ஒருவர் தண்ணீரில் விழுந்தால் அடுத்து என்ன நடக்கும்? கிரேடு, கிலோமீட்டர், வீடியோ எல்லாம் அதற்கு அப்புறம்.

விழுவது அபூர்வம் இல்லை. படகின் பக்கவாட்டு ரப்பர் குழாய் மேல்தான் எல்லோரும் உட்கார்ந்து துடுப்புப் போடுவீர்கள். சீட் பெல்ட் கிடையாது, இருக்கவும் கூடாது. இருந்தால் படகு கவிழும்போது அதோடு மாட்டிக்கொள்வீர்கள். உங்களைப் பிடித்து வைத்திருப்பது குறுக்குக் குழாய்க்கு அடியிலோ காலுக்கென்று தைத்த பையிலோ செருகிய பாதம் மட்டும்தான். நல்ல கைடு, நல்ல படகு இருந்தாலும் ஆள் விழத்தான் செய்வார்கள். பெரும்பாலும் சில நொடிகளில் மற்றவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி துடுப்பை எடுப்பார். அப்படி முடிகிற ஆறு எது, முடியாத ஆறு எது என்பதுதான் கேள்வி.

கிரேடைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். ஆற்றின் கடினத்தை உலகம் முழுக்க ஒன்று முதல் ஆறு வரை பிரிக்கிறார்கள். (அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் ஒன்று முதல் பத்து வரை தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள், அங்கே ஏழு என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.) ஒன்று என்பது சிற்றலையோடு ஓடும் தண்ணீர். ஆறாம் கிரேடு என்பது கைதேர்ந்தவர்களே உயிரைப் பணயம் வைத்து இறங்கும் இடம். சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே வேலையில்லை. இந்த எண்ணைப் பலரும் அலையின் உயரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கிரேடின் விளக்கத்திலும், விழுந்தவர் கதி என்ன என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் கிரேடில், தண்ணீரில் விழுந்தவருக்கு அடிபடுவது குறைவு. பெரும்பாலும் தானே கரை சேர்ந்துவிடலாம். ரொம்ப தூரம் அடித்துச் செல்லப்படாமல் இருக்க மட்டும் சில சமயம் மற்றவர் கை கொடுக்க வேண்டியிருக்கும். நாலாம் கிரேடில், அடிபடும் வாய்ப்பு நடுத்தரத்திலிருந்து அதிகம் வரை. தானே மீள்வது கடினம். மற்றவர்கள் வந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு அவர்களுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். பார்க்க ஒரே ஒரு எண் வித்தியாசம். ஆனால் மூன்றில் நீங்களே கரையேறிவிடுவீர்கள், நாலில் உங்களை யாராவது கரையேற்ற வேண்டும்.

அதே விளக்கத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. தண்ணீரின் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலோ, ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பகுதியில் பல நாள் போகும் பயணம் என்றாலோ, ஒரு கிரேடு கூட்டிக் கணக்கிட வேண்டும். பனி உருகி வரும் மலையாற்றில் விளம்பரப் பலகையில் மூன்று என்று போட்டிருந்தால் உடம்புக்கு அது நாலாக இருக்கலாம். விளம்பரத்தில் இதைச் சேர்த்து எழுதுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி, எந்த எண்ணும் சொல்லாத ஒரு விஷயம். மலையாறுகளை நாங்கள் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்போம். ஒன்றில் ஒரு ரேபிட், அதாவது பாறைகளுக்கிடையே தண்ணீர் நுரைத்துச் சீறி ஓடும் இடம், முடிந்ததும் ஒரு மடு வரும். தண்ணீர் அமைதியாக விரிந்து கிடக்கும். அப்புறம் அடுத்த ரேபிட். இன்னொன்றில் மடுவே கிடையாது. ஒரே சரிவில் கிலோமீட்டர் கணக்கில் பாறையும் நுரையுமாக ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஒரே கிரேடு போட்டிருப்பார்கள். முதல் வகை ஆற்றில் விழுந்தால் அரை நிமிட ஆட்டம், பிறகு மடுவில் மிதந்துகொண்டு மூச்சு வாங்கலாம், படகு வந்து எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் ஓய்வே கிடையாது. மூச்சு திரும்புவதற்குள் அடுத்த பாறை. படகும் உங்களைத் துரத்திக்கொண்டே அதே சரிவில்தான் வந்தாக வேண்டும்.

இதனால்தான் ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவிக்குக் கீழே ஓடும் ஜாம்பேசி ஆற்றில், ஐந்தாம் கிரேடு ரேபிட்டுகளிலும், முதல்முறை துடுப்புப் பிடிப்பவர்களைக் கூட்டிப்போகிறார்கள். அங்கே தண்ணீர் ஆழம், வெதுவெதுப்பு, பெரிய ரேபிட்டுகளுக்குக் கீழே மடு. படகு கவிழ்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி. நியூசிலாந்தின் கைடுனா ஆற்றில் 7 மீட்டர் உயர டுடேயா அருவியில் படகோடு இறங்குகிறார்கள். படத்தைப் பார்த்தால் குலை நடுங்கும், ஆனால் அருவிக்குக் கீழேயும் மடுதான். அதற்காக உங்களை அங்கே போகச் சொல்லவில்லை. அலை உயரமாக இருப்பதும் ஆபத்து அதிகமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்குச் சொன்னேன். இடுப்பளவு தண்ணீர்தான் என்று தோன்றும் குறுகிய, பாறை நிறைந்த, குளிர்ந்த ஓடை ஒன்று அந்த அருவியைவிட மோசமாக இருக்கலாம். ஆகவே போனில் முதலில் கேட்க வேண்டியது: "ஒவ்வொரு ரேபிட்டுக்குப் பிறகும் அமைதியான தண்ணீர் வருமா, இல்லை தொடர்ச்சியாகப் போகுமா?" ஆற்றைத் தெரிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். தெரியாதவர் "பயப்படாதீங்க" என்பார்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலைப்பகுதியில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். வெயில் சுள்ளென்று அடிக்கும், நீங்கள் டி-ஷர்ட்டில் நிற்பீர்கள். ஆற்றில் ஓடுவதோ சில வாரங்களுக்கு முன் பனியாக இருந்த தண்ணீர். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்த கனடா நாட்டுப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாகத் திணறி இழுக்கும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். அதன் பிறகு கயிறு கையில் கிடைத்தாலும் விரல் மடங்காது. உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். உறைநிலையை ஒட்டிய தண்ணீருக்கான கணக்கு இது. கொஞ்சம் சூடான ஆற்றில் நேரம் கூடும். ஆனால் அந்த முதல் நிமிடத் திணறல் மிதமான குளிரிலும் வரும். நீச்சல் குளத்தில் 50 மீட்டர் நீந்தும் உங்கள் பிள்ளைகளுக்கும் வரும். அதனால் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் வெட்சூட் (குளிரைத் தடுக்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) தருகிறார்களா என்று கேளுங்கள். தரவில்லை, "அதெல்லாம் தேவையில்லை, ஜாலியாக இருக்கும்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நீங்களும் பருத்தித் துணியும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நனைந்த பருத்தி காயாது, கரையேறிய பிறகும் குளிரடித்துக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர், கம்பளி எதுவானாலும் பரவாயில்லை.

அடுத்தது தண்ணீரின் அளவு. ஒரே ஆறு, ஒரே இடம், ஆனால் ஒரு மாதத்தில் இரண்டாம் கிரேடு, இன்னொரு மாதத்தில் நாலு. பனி உருகி வரும் ஆறுகள், உருகும் பருவத்தின் உச்சத்தில் பெருகி ஓடும், பிறகு வடியும். பனிப்பாறை உருகி வரும் ஆறுகளில் ஒரே நாளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு: விடியலில் குறைவு, பகல் வெயிலில் உருகியது மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்து, மாலையில் மட்டம் ஏறும். அப்படிப்பட்ட ஆற்றில் காலைப் பயணமும் மாலைப் பயணமும் ஒன்றல்ல. மேலே அணை இருந்தால், எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒக்கோயி ஆற்றில், அணை திறந்துவிடும் நாட்களில்தான் ராஃப்டிங்கே. கங்கையில் ரிஷிகேஷ் பகுதியில் மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கையே நிறுத்திவைப்பார்கள்.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பயனுள்ள கேள்வி இதுதான்: "எந்த அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் நீங்கள் படகை இறக்க மாட்டீர்கள்?" நல்ல நிறுவனத்திடம் இதற்கு ஓர் எண் இருக்கும். விநாடிக்கு இத்தனை கன அடி என்பார்கள், அல்லது பாலத்துத் தூணில் வரைந்த அளவுக்கோட்டில் இந்தக் கோடு என்பார்கள், அல்லது கரையில் ஒரு பாறையைக் காட்டி, அது மூழ்கினால் இறங்குவதில்லை என்பார்கள். எப்படிச் சொன்னாலும் சரி, முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். "நாங்க எல்லா நாளும் போவோம்" என்பவரிடம் வரம்பு இல்லை என்று அர்த்தம். உங்கள் இரண்டாவது ஆள், பையனைப் பற்றித் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றாரே, அவரிடம் பெரியவர்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று என்று இரண்டு வரம்பு இருக்கிறது. நீங்கள் தட்டிக்கழிப்பதாக நினைத்தீர்கள். எனக்கு அது காதுக்கு இனிமையாக இருந்தது.

போனில் இன்னும் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு எத்தனை படகு போகும்? ஒற்றைப் படகு என்றால் அது கவிழும்போது உங்களை எடுக்க ஆளே இல்லை. குறைந்தது இரண்டு படகு, அல்லது ஒரு படகும் கூடவே சேஃப்டி கயாக்கில் (மீட்புக்கென்று வரும் ஒற்றை ஆள் சிறு படகு) ஒருவரும். கயாக் ஓட்டுபவர் ரேபிட்டுக்குக் கீழே முன்னால் போய்க் காத்திருப்பார். விழுந்தவரிடம் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது அவர்தான், கயாக்கின் முனையைப் பிடித்துக்கொண்டால் கரைக்கு இழுத்துவிடுவார். மூன்றாம் கிரேடும் குளிர்ந்த தண்ணீரும் என்றால் நான் இரண்டையும் கேட்பேன்.

இரண்டாவது, கைடு யார்? நிறுவனத்துக்கு எத்தனை வருட அனுபவம் என்பதைவிட, உங்கள் படகின் பின்னால் உட்காரப்போகிறவருக்கு இந்த ஆற்றில், இந்தப் பகுதியில் எத்தனை பருவ அனுபவம் என்று கேளுங்கள். முதலுதவி, ஓடும் ஆற்றில் ஆளை மீட்கும் பயிற்சி இரண்டும் இருக்க வேண்டும். சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு கைடு, ட்ரிப் லீடர் என்று நிலைவாரியாகத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. சில நாடுகளில் அரசு உரிமமும் உண்டு. காகிதம் இருப்பதால் மட்டும் நல்ல கைடு ஆகிவிட மாட்டார், உண்மைதான். ஆனால் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் காகிதமும் இருக்காது.

மூன்றாவது, பிடிக்கவில்லை என்றால் நடுவில் இறங்கி நடக்க முடியுமா? ஆற்றை ஒட்டிச் சாலை இருந்தால் நல்லது. நான் சொன்ன ஜாம்பேசியிலேயே ஒன்பதாம் எண் ரேபிட்டில் பயணிகளை இறக்கி, பாறை மேல் நடத்தித்தான் கூட்டிப்போவார்கள். அது ஆறாம் கிரேடு. இறக்கி நடத்துவதைக் கேவலமாக நினைக்காத நிறுவனம்தான் உங்களுக்கு வேண்டும்.

இப்போது ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாயிற்று என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் அமுங்கித் திரும்ப எழ வேண்டும். மொறுமொறுவென்று நொறுங்கினாலோ கட்டியாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ மாற்றிக் கேளுங்கள். எல்லா பக்கிளும் கிளிக் என்று பூட்ட வேண்டும். உடைந்த பக்கிளுக்குப் பதில் முடிச்சுப் போட்டிருந்தால் வேண்டாம். பூட்டி, பக்கவாட்டுப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்கிய பிறகு ஒருவர் உங்கள் பின்னால் நின்று தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் அது முகத்தை மூடிக்கொள்ளும், உங்களைத் தூக்கிப் போட யாராவது அதைப் பிடித்து இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும். உடம்போடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சு விட முடிய வேண்டும். பையனுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவன் எடைக்கான அளவு வேண்டும். ஹெல்மெட்டைத் தாடைப் பட்டி பூட்டிய பிறகு நெற்றியிலிருந்து பின்னால் தள்ளிப் பாருங்கள், நகரக்கூடாது.

நல்ல கைடு இதையெல்லாம் உங்களைச் செய்யவே விடமாட்டார். வரிசையாக வந்து ஒவ்வொருவர் ஜாக்கெட்டையும் தானே இழுத்துப் பார்ப்பார். அப்படி இழுக்காமல், "எல்லாரும் போட்டாச்சா?" என்று தூரத்திலிருந்து கேட்பவரை எனக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு பாதுகாப்பு விளக்கம். உங்களுக்குப் புரியும் மொழியில், ஆற்றின் சத்தத்திலிருந்து தள்ளி நின்று சொல்ல வேண்டும். வண்டியில் போகும்போதே வேகமாக ஒப்பித்துவிடுவது கணக்கில் சேராது. அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும், கால்கள் ஓட்டத்தின் திசையில், கால் கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது. நீங்கள் இந்தக் கடிதத்தை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நின்றால் பாதம் பாறை இடுக்கில் சிக்கும். பின்னாலிருந்து ஓட்டம் உடம்பை முன்னால் சாய்த்துத் தலையை அமுக்கிவிடும். பழகியவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். கரையை ஒட்டித் தண்ணீர் ஓடாமல் நிற்கும் இடத்துக்கு வந்து, பின்பக்கம் தரையில் தட்டிய பிறகுதான் எழ வேண்டும்.

த்ரோ பேக் என்ற பையில் மிதக்கும் கயிறு இருக்கும். அதை வீசினால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து, மார்போடு வைத்து, தோளுக்கு மேலாக விட்டு மல்லாந்துகொள்ள வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டினால் கையால் மேலே தள்ளித் தள்ளி ஒரே திசையில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். அலையில் மிதக்கும்போது இரண்டு அலைக்கு நடுவே பள்ளத்தில் மூச்சை இழுத்து, நுரை முகத்தில் அடிக்கும்போது அடக்க வேண்டும். ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்தை நோக்கிப் போனால் மட்டும் மல்லாந்து மிதப்பதை விட்டுவிட்டு, குப்புறத் திரும்பி முழு மூச்சாக விலகி நீந்த வேண்டும். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது.

துடுப்பின் மேல்முனையில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியே இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தண்டைப் பிடிப்பவர்களால்தான் பக்கத்து ஆளின் பல் போகிறது. ராஃப்டிங்கில் ஆற்றைவிடச் சொந்தக்காரர் துடுப்பால் அடிபடுவது நிறைய நடக்கிறது.

"நீச்சல் தெரிய வேண்டாம்" என்பது பாதி உண்மை. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். இரண்டாம், மூன்றாம் கிரேடில் நீச்சல் தெரியாத பலர் போய் வருகிறார்கள். ஆனால் காற்று கலந்து நுரைத்த தண்ணீரில் ஜாக்கெட்டின் மிதப்பும் குறையும். ஒரு சில நொடி உள்ளே போய்த்தான் வருவீர்கள். அந்த நேரத்தில் முகத்தில் தண்ணீர் அடித்தாலே பதறுகிற ஆளா நீங்கள் என்பதுதான் கேள்வி. பயணத்துக்கு முன் உங்கள் இருவருக்கும் ஒரு வேலை: இடுப்பளவு நீச்சல் குளத்தில், நீச்சல் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தை முக்கி மூச்சடக்கி எழுந்து பழகுங்கள். கைடு முதல் மடுவிலேயே ஒருமுறை குதிக்கச் சொன்னால் தயங்காமல் குதியுங்கள். வேண்டுமென்றே ஒருமுறை நனைந்தவர், தவறி விழும்போது அவ்வளவாகப் பதறுவதில்லை. "நூறு சதவீதம் சேஃப்" என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆற்றில் வேலை செய்யும் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்; அது டிக்கெட் விற்பவர் பேச்சு.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாலாம் கிரேடு என்பது படகில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஓட்டுவது. கைடு "முன்னால் போடு" என்று கத்தும்போது ஆறு பேரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இரண்டு பேர் பயத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் படகு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. உங்கள் வீட்டுப் படகில் அந்த இரண்டு பேர் நீங்களும் உங்கள் கணவருமாக இருக்க வாய்ப்பு அதிகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவள் முதலில் குடும்பத்தோடு மூன்றில் போகட்டும். அதில் துடுப்பு பழகி, ஒருமுறை விழுந்து எழுந்தும் ஆசை விடவில்லை என்றால், அடுத்த நாள் அதே நிறுவனத்திடம் கைடின் கருத்தைக் கேட்டு நாலாம் கிரேடுக்கு, பழகியவர்கள் உள்ள படகில் அனுப்பலாம். முன் இருக்கையைக் கேட்கச் சொல்லுங்கள். அலை முதலில் அடிப்பது அங்கேதான். மூன்றாம் கிரேடிலேயே அவள் கேட்டது கிடைத்துவிடும்.

மகன் விஷயத்தில் கைடு அன்று காலை சொல்வதே தீர்ப்பு. குறைந்தபட்ச வயது இடத்துக்கு இடம் மாறும். நாலாம் கிரேடுக்கு 12 வயதுப் பிள்ளையை ஏற்காத நிறுவனங்கள் நிறைய. வயதைவிட எனக்கு முக்கியம், கால் தரையில் எட்டிச் செருக முடிகிறதா, சொன்னதை உடனே செய்கிற பிள்ளையா என்பது. வேண்டாம் என்று கைடு சொன்னால் கெஞ்சாதீர்கள். வயதைக் கூட்டிச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மாமனார் இந்த ரேபிட்டுகளில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குளிர்ந்த தண்ணீர் திடீரென்று படும்போது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது வழக்கம். அப்போது தலையில் சின்ன அடிபட்டாலும் உள்ளே ரத்தக் கசிவு ஆபத்து. அவருடைய இதய மருத்துவரிடம், "படகில் போகலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் சரி என்றுகூடச் சொல்லிவிடுவார். "10 டிகிரித் தண்ணீரில் திடீரென்று விழ வாய்ப்புண்டு, பக்கத்தில் மருத்துவமனை இல்லை, பரவாயில்லையா?" என்று கேளுங்கள். உங்கள் இரண்டாவது ஆள் மருந்துகளை விசாரித்தது இதற்குத்தான். அந்த விசாரணையில் எதையும் மறைக்க வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர் இன்ஹேலரைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கைடிடம் கொடுக்க வேண்டும். தோள்மூட்டு எப்போதாவது நழுவியிருந்தால் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் போகவே கூடாது.

கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவத்தை முதல் நாளே அனுப்பச் சொல்லிப் படியுங்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கலாம், ராஃப்டிங் எந்த கிரேடு வரை சேரும் என்று பாருங்கள். ரத்து விதியையும் கேளுங்கள்: தண்ணீர் அதிகம் என்று அவர்களே நிறுத்தினால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும், அல்லது வேறு நாள் தர வேண்டும். பணம் திரும்ப வராது என்றால், மோசமான நாளிலும் "போயிடலாம் சார்" என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிடும்.

மாமனாருக்கு மனம் நோகாமல் இருக்க ஒரு வழி உண்டு. பல ஆறுகளில் ரேபிட்டுகள் முடிந்த பிறகு, கீழே ஒன்றாம் கிரேடில் நிதானமாக மிதந்து போகும் பகுதி இருக்கும். மருத்துவர் சரி என்றால், அவர் நிறுவனத்தின் வண்டியில் சாலை வழியாக வந்து, அங்கே உங்கள் படகில் ஏறிக்கொள்ளலாம். கைடு துடுப்புப் போடும் வகைப் படகு அவர்களிடம் இருந்தால் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாலே போதும். பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். வண்டியில் இடமும் அவர் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் எடுத்து வைப்பார்கள்.